கல்யாணப் பெண்ணுக்கு ஒரு தட்டு

'என் கல்யாணத்துக்கு நான் சமைக்கப் போறதில்ல. ஒரு கரண்டிகூட எடுக்கப் போறதில்ல.'

கார்லிஸ் இதை இன்னும் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல் தேய்க்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ராத்திரி தலையில் கட்டியிருந்த பட்டுத்துணியை அவிழ்க்கும்போது இன்னொரு தரம். சொல்லச் சொல்ல, கடையில் எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டவள் மாதிரி நெஞ்சு படபடத்தது. ஐம்பத்தெட்டு வயசில், தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்த பிறகு, கண்ணாடி முன்னால் நின்றால் இப்படிச் சிரிப்பு வரும் என்று யார் நினைத்தார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஆம்ப்ரோஸ் பெட்வே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவள் 'சரி' என்றாள். அவள் வீடு போய்ச் சேருமுன் அந்தச் 'சரி' மெம்ஃபிஸ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கை வெர்னெல் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மகன் குவின்டன் மட்டும் வெளியே போய், அம்மாவின் கார் சக்கரங்களில் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாதபோது அவன் செய்கிற காரியம் அது.

அவன் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆம்ப்ரோஸ், இறுதிச்சடங்கு நடத்தும் நிலையம் ஒன்றில் சவ ஊர்தி ஓட்டுகிறவர். நாலு வருஷத்துக்கு முன் கார்லிஸின் கணவன் ஹார்லனைக் கல்லறைக்குக் கொண்டுபோனதும் அவர்தான். "அப்பாவைக் கொண்டுபோய் விட்டாரு. இப்ப அம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்துட்டாரு" என்று குவின்டன் சித்தியிடம் சொன்னது, சித்தியின் வாயில் தங்காமல் அன்று சாயங்காலமே கார்லிஸின் காதுக்கு வந்துவிட்டது. கல்யாணத்தன்று தேவாலயத்துக்குள் தன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வருவாயா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றான். அந்தப் 'பாக்கலாம்' ஒரு வாரமாக அவள் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

உறவுக்காரர்களுக்கு அப்படிச் சந்தேகம் எதுவும் இல்லை. போன் மேல் போன். கோழி பொரிக்கப் பெரிய சட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது என்றார்கள். மேக்ரோனிக்குப் பாலாடைக்கட்டி மொத்தமாக வாங்கினால் மலிவு என்றார்கள். நீ சமைப்பாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, அடக்கமோ, குடும்பம் மொத்தமும் கூடுகிற ஜூலை மாதக் கூட்டமோ, எதுவானாலும் அடுப்பில் வேகும் மேக்ரோனி கார்லிஸுடையது. அது இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. மேக்ரோனி யார் கையில் செய்தது என்று விசாரிக்காமல் ஒருவரும் கரண்டியை வைக்க மாட்டார்கள். ஒரு குடும்பம் ஒருத்தியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டால், அவள் உயிரோடு இருக்கும்வரை திரும்ப வாங்குவதில்லை.

அதனால் அவள் எல்லோரிடமும் பட்டும்படாமல்தான் சொல்லி வைத்திருந்தாள். கொஞ்சம் கடையிலும் சொல்லிவிடலாம், ஒத்தாசையாக இருக்கும் என்று.

"கடையிலயா?" என்று கேட்டுவிட்டு வெர்னெல் போனில் மூச்சு விடக்கூட மறந்துபோனாள். பிறகு அவளுக்குள் இருந்த சாப்பாட்டுப் பிரியை கண் விழித்துக்கொண்டாள். அப்படியானால் சனிக்கிழமை முழுக்கச் சுற்றுவோம், இந்த ஊரில் நல்ல சோல் ஃபுட் கடை, நம் கறுப்பர் வீட்டுச் சமையல் செய்கிற கடை, எது என்று நாக்கை வைத்தே முடிவு பண்ணுவோம், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் தயாராக இரு என்று கட்டளையிட்டாள்.

சனிக்கிழமை காலை குவின்டன் தன் பிக்கப் வண்டியோடு வாசலில் நின்றான். அவன் வருவான் என்று கார்லிஸ் எதிர்பார்க்கவில்லை. "சித்தி ஓட்டினா நீங்க கடைக்குப் போக மாட்டீங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் போவீங்க" என்றான். வெர்னெல் அவன் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சாயங்காலம் தேவாலயத்தில் வரவேற்பு ஊழியக்காரிகளின் கூட்டம் இருந்ததால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தியிருந்தாள். வெள்ளையோடு குழம்பும் கீரையும் சாப்பிடப் போகிறாயா என்று கார்லிஸ் கேட்டாள். "அக்கா, நான் முப்பது வருஷமா வெள்ளை போட்டுட்டுத்தான் சாப்பிடறேன். இது வரைக்கும் ஒரு சொட்டு விழுந்ததில்ல. விழுந்தா அது என் தப்பு இல்ல, சமைச்சவ தப்பு."

முதல் கடை வைட்ஹேவன் பக்கம். வெர்னெலின் போனில் அதற்கு நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. சுவரில் நியான் விளக்கில் ஏதோ வாசகம் எரிந்தது. மேசை கிடைக்க நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் வந்த கீரையில் எலுமிச்சம்பழ வாசனை அடித்தது. சோள ரொட்டி, பொம்மை வீட்டுக்கு வாங்கியது போல ஒரு குட்டி இரும்புச் சட்டியில் வந்தது. மேக்ரோனியின் தலையில் ரொட்டித்தூள் தூவியிருந்தார்கள்.

வெர்னெல் முள்கரண்டியால் அந்தத் தூளை ஓரமாக ஒதுக்கிப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய காயத்தின் கட்டை அவிழ்க்கிற முகத்தோடு பார்த்தாள். "இதைப் பண்ணின பொண்ணுக்கு வீட்ல சொல்லிக்குடுக்க யாருமே இல்லையா?" என்று அவள் கேட்டது பக்கத்து இரண்டு மேசைகளுக்கும் கேட்டது. ஒரு மேசைக்காரர்கள் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள்.

குவின்டன் ஒரு வாய் போட்டுக்கொண்டு தட்டை நகர்த்தினான். "உன்னோடது மாதிரி இல்லம்மா."

இரண்டாவது கடை லமார் சாலையில், டயர்க் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே. அங்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெரியவர், கறியில் ஒன்று, கூட்டில் மூன்று என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. ஆனால் கோழி! தோல் பல் பட்டதும் நொறுங்கியது. உள்ளே ஆவி பறந்தது. கார்லிஸ் காகிதக் கைக்குட்டையால் விரலைத் துடைக்க மறந்து அடுத்த துண்டை எடுத்தாள். என்ன வித்தியாசம் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. மிளகாயா, மோரில் ஊற வைத்ததா என்று யோசித்தாள். பிறகு புரிந்தது. கோழி சூடாக இருந்தது. அவ்வளவுதான். தன் வீட்டில் தான் பொரித்த கோழியை அவள் சூடாகச் சாப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் போட்டு, மிச்சத்தை ஒதுக்கி, சட்டியைக் கழுவிவிட்டு நின்றபடி ஒரு இறக்கையைக் கடிக்கும்போது அது எப்போதும் ஆறிப்போயிருக்கும். தன் கோழி எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது.

இந்தக் கண்டுபிடிப்பு அவளைக் கலங்கச் செய்திருக்க வேண்டும். மாறாக, ஒரு சந்தோஷம் காலிலிருந்து ஏறியது. இன்னும் எத்தனை கடை இருக்கிறது இந்த ஊரில்! எத்தனை பேர் எத்தனை அடுப்பில் தனக்காகப் பொரித்துக்கொண்டிருக்கிறார்கள்!

"கீரையில சக்கரை போட்டிருக்கான்" என்றாள் வெர்னெல், போலீசில் புகார் கொடுக்கிற குரலில்.

"கோழி பரவால்ல. உன்னோடது மாதிரி இல்ல" என்றான் குவின்டன்.

பாராட்டுதான். அவன் மனசாரச் சொல்கிறான். ஆனாலும் அவன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் யாரோ ஒரு கரண்டியைக் கொண்டுவந்து தன் கையில் திணிப்பது போல அவளுக்கு இருந்தது.

வண்டியில் ஏறியதும் அவள் மெல்ல, இன்னொரு கடை இருக்கிறது என்றாள். ஆரஞ்ச் மவுண்டில், பார்க் சாலையில், டொரீத்தா என்கிற அம்மாள் நடத்துவது. யார் சொன்னது என்று குவின்டன் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

ஆம்ப்ரோஸ் காலையில் போனில் சொல்லியிருந்தார். எப்போதும் போல, வயதில் பெரிய பெண்களை அழைக்கும் இந்த ஊர் மரியாதைப்படி 'மிஸ்' போட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "மிஸ் கார்லிஸ், போன்ல இருக்கற நட்சத்திரத்தை எல்லாம் நம்பாதீங்க. அடக்கம் முடிஞ்சு வர்ற குடும்பத்துக்கு எந்தக் கடையிலேர்ந்து சாப்பாடு வருதுன்னு பாருங்க. பெத்த தாயைப் புதைச்சிட்டு வந்து யாரும் புதுக் கடையில பரீட்சை பண்ண மாட்டாங்க." வாரத்தில் இரண்டு மூன்று அடக்கத்துக்குப் போய், முடிந்ததும் அங்கேயே தட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். இந்த ஊரின் துக்க வீடுகள் எதைச் சாப்பிடுகின்றன என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. ஒரு மணிக்கு மேல் போங்கள், முன்பக்கக் கவுன்டரில் என் பேரைச் சொல்லுங்கள் என்றிருந்தார்.

"சாவு வண்டிக்காரர் சிபாரிசு" என்றான் குவின்டன், சாலையைப் பார்த்தபடி.

"ஓட்டுடா. சொன்னவர் யாராயிருந்தா என்ன, எனக்குப் பசிக்குது" என்றாள் வெர்னெல். அதற்குள் இரண்டு தட்டு முடித்தவள்.

டொரீத்தாவின் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமே இல்லை. முன்பக்கம் வரிசை நடைபாதை வரைக்கும் நீண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு கதவு அகலத் திறந்திருக்க, வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வெர்னெலின் வெள்ளையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள், தட்டு போடச் சொல்கிறேன் என்று வெர்னெலின் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

"பாத்தியா? இதுக்குப் பேர்தான் உபசாரம்" என்று வெர்னெல் திரும்பி அக்காவிடம் கிசுகிசுத்தாள்.

நீள மேசைகள், வெள்ளை விரிப்பு. உட்கார்ந்த உடனே தட்டு வந்தது. குவின்டன் மட்டும் பசிக்கவில்லை என்று கையால் மறித்தான். அந்த மனிதர் சொன்ன கடையில் சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்திருந்தான் போலிருக்கிறது.

கார்லிஸ் முதலில் கீரையை எடுத்தாள். வான்கோழிக் கழுத்தோடு சேர்ந்து காலையிலிருந்து வெந்த கீரை. தட்டில் தேங்கிய சாற்றில் சோள ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டதும் அவள் கண் தானாக மூடிக்கொண்டது. புளிப்பு, உறைப்பு, புகை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. தட்டைப்பயறு குழையாமல் வெந்திருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு கரைந்தது. அவசர அவசரமாக அவள் மேக்ரோனியைத் தொட்டாள். ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் நெகிழ்வு, மிளகு சரியாக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தக் கைதான். என் கல்யாணத்தில் நான் உட்கார்ந்து சாப்பிடப் போகிற சாப்பாட்டைச் செய்யப் போகிற கை.

வெர்னெல் பேசவே இல்லை. அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

தட்டை வழித்து முடித்துவிட்டு அவள் கையுறைப் பெண்ணைக் கூப்பிட்டாள். "இதுக்கு எவ்வளவும்மா?"

அந்தப் பெண் வெர்னெலின் தோளில் கை வைத்தாள். "இன்னைக்கு யாரும் காசு குடுக்கற நாள் இல்லம்மா. அத்தைக்குப் பிடிக்காது."

அப்போதுதான் கார்லிஸ் தன் டீ டம்ளருக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். வழவழப்பான தாளில், ஊதா நிறத் தொப்பி போட்ட ஒரு அம்மாளின் படம். பிறந்த தேதி, இறந்த தேதி. மேலே பெரிய எழுத்தில் மிஸ் ஐடெல்லா ராக்மோர். சுற்றிலும் பார்த்தாள். கறுப்புக் கோட்டுகள், ஊதா ரிப்பன்கள், ஒரு மூலையில் மைக். அவர்கள் உட்கார்ந்திருந்தது யாரோ ஒருவருடைய அடக்கச் சாப்பாட்டில். வெர்னெலின் வெள்ளையைப் பார்த்து, துக்கத்துக்கு வந்த வேறு சபை ஊழியக்காரி என்று நினைத்து உள்ளே அழைத்திருக்கிறார்கள்.

"எந்திரிங்க, போயிடலாம்" என்றான் குவின்டன், உதடு அசையாமல்.

"உக்காருடா. சாப்பிட்ட உடனே எந்திரிச்சுப் போனா அந்தக் குடும்பத்துக்கு அவமானம்."

"சித்தி, நமக்கு அவங்க யாருன்னே தெரியாது."

"அதனாலதான் சொல்றேன். பழ இனிப்பு, காப்ளர், அது வேற இன்னும் வரல."

அது வருவதற்குள் மைக் வந்துவிட்டது. குடும்பத்தார் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நடுவே கையுறைப் பெண் குனிந்து வெர்னெலிடம், நீங்கள் எந்தச் சபையிலிருந்து வந்திருக்கிறீர்கள், இரண்டு வார்த்தை சொல்லுங்களேன் என்றாள். கார்லிஸ் மேசைக்கு அடியில் தங்கையின் துணியைப் பிடித்து இழுத்தாள். வெர்னெல் எழுந்தேவிட்டாள்.

"உங்களை மாதிரி எனக்கு மிஸ் ஐடெல்லாவை ரொம்ப நாள் பழக்கம்னு பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தாள். "ஆனா நான் இன்னைக்கு இந்த வாசல்ல வந்து நின்னப்ப, நீ யாருன்னு ஒருத்தர் கேக்கல. வெயில்ல நிக்காதேன்னாங்க. தட்டு போட்டாங்க. வாசல்ல நிக்கறவங்களை அப்படிக் கூப்பிடற பிள்ளைங்களை வளத்தவங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல."

அறை முழுக்க 'ஆமென்' எழுந்தது. முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றினாள். வெர்னெல் உண்மையாகவே கண் கலங்கி உட்கார்ந்தாள். குவின்டன் முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த கிழவர் அவன் முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னார். அவன் சிரிக்கிறான் என்று கார்லிஸுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதைப் பார்த்து அவளுக்கும் தாங்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு மிஸ் ஐடெல்லாவின் மகள் பேசினாள். உயரமானவள், கார்லிஸின் வயது இருக்கும். பெருமையோடு தலையை நிமிர்த்திச் சொன்னாள். "எங்கம்மா உக்காந்து சாப்பிட்டு நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

கைதட்டல். ஆமென். "உண்மை, உண்மை" என்று குரல்கள்.

கார்லிஸின் வாயில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே களைத்த, இனிய முகம். இவ்வளவு பேரும் இதற்காகவா கைதட்டுகிறார்கள்? இந்த அம்மாளுக்குப் பசித்திருக்காதா? தன் கீரைச் சாற்றைச் சூடாக ஒரு வாய் குடிக்க ஆசை வந்திருக்காதா? ஒரு நாள் இதே மாதிரி ஒரு அறையில் குவின்டன் எழுந்து, இதே வாக்கியத்தை, இதே பெருமையோடு சொல்வான். எல்லோரும் கைதட்டுவார்கள். அவன் அதை அன்பு என்றே நினைத்திருப்பான்.

பக்கவாட்டுக் கதவு வழியாக ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டு, ஓட்டுகிறவர்களின் வெள்ளைக் கையுறை பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. ஊர்தியை விட்டுவிட்டு, தன் தட்டுக்காக வந்திருக்கிறார். துக்க வீட்டுக்காரர்கள் நடுவில் தன் கல்யாணப் பெண்ணும் அவள் தங்கையும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. வேறு ஒருவராக இருந்தால் சிரித்திருப்பார். அவர் குடும்பத்தாரிடம் போய்க் குனிந்து ஆறுதல் சொன்னார். பிறகு வரிசைக்குப் போய் ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு வந்து, தனக்கு என்று எல்லோரும் நினைத்திருக்க, அதைக் குவின்டனுக்கு முன்னால் வைத்தார்.

"நீங்க சாப்பிடல போலிருக்கு" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்த் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டு வேறு மேசையில் உட்கார்ந்தார்.

அடக்கச் சாப்பாட்டில் தனக்கென்று வைத்த தட்டை ஒதுக்குகிற துணிச்சல் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. குவின்டன் சாப்பிட ஆரம்பித்தான். முதலில் கடனே என்று. அப்புறம் வேகமாக. எலும்பைக் கடித்துத் துப்பும்போது, சாப்பாடு நன்றாக இருப்பதற்காகவே கோபப்படுகிறவன் மாதிரி இருந்தான்.

கார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹார்லனைப் புதைத்த அன்று விடியற்காலையில் அவள் மேக்ரோனி செய்தாள். கல்லறையிலிருந்து வந்ததும் கறுப்புத் துணிக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் போட்டாள். என்ன தைரியமான மனுஷி என்றார்கள். எல்லோரும் போன பிறகு, சவ ஊர்தி ஓட்டி வந்த ஆள் சமையலறை வாசலில் நின்றார். வெள்ளித்தாள் மூடிய தட்டு ஒன்றை அவள் கையில் வைத்து, "அம்மா, நீங்க இன்னும் சாப்பிடல" என்றார். அவர் பேர்கூட அப்போது அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்து, தபால் தலை வாங்க அவர் அவளுடைய தபால் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தபோது, முகம் ஞாபகம் வருவதற்கு முன்னால் அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காப்ளரையும் முடித்துக்கொண்டு சகோதரிகள் முன்பக்கம் போனார்கள். டொரீத்தா அம்மாள் வியர்வையைத் துடைத்தபடி சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். ஜூன் மூன்றாவது சனிக்கிழமை, கல்யாணச் சாப்பாடு என்று கார்லிஸ் சொன்னபோது, சொல்லும்போதே குரல் சின்னப் பெண்ணைப் போலத் துள்ளியது. டொரீத்தா சிரித்தாள். யாருக்குக் கல்யாணம், மகளுக்கா என்றாள்.

"எனக்கு" என்றாள் கார்லிஸ்.

டொரீத்தா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய, சூடான கை. கோழி, கீரை, பயறு, கிழங்கு, சோள ரொட்டி என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். கடைசியில் அவள் கேட்டாள். மேக்ரோனியும் நாங்களே செய்யவா? பெரும்பாலும் அதை மட்டும் வீட்டில் ஒருத்தர் செய்து கொண்டுவருவார்கள்.

"அதை எங்கக்கா பாத்துப்பா" என்றாள் வெர்னெல், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

கார்லிஸ் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. "திங்கக்கிழமை சொல்றேனே" என்று முனகினாள். டொரீத்தா ஒரு கணம் கூடுதலாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, திங்கட்கிழமை என்றாள்.

வெர்னெலைத் தேவாலயத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் வெள்ளையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இறங்கும்போது, கல்யாணத்துக்கு இந்தக் கடைதான், வேறு பேச்சே கிடையாது என்று அறிவித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வண்டியில் அம்மாவும் மகனும் மட்டும். வீட்டு வாசல் வந்தும் குவின்டன் எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. அவன் அப்பாவின் கைகள். அதே அகலமான கட்டைவிரல்.

"அம்மா."

"சொல்லு."

"நான் வர்றேன். உன் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வர்றேன். சாம்பல் நிறக் கோட்டு இருக்கே, அதைப் போட்டுக்கறேன். மிஸ்டர் பெட்வேக்குக் கைகூடக் குடுக்கறேன்."

ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற முள் கரைந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து அவள் வேலியைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றான் அவன். "மேக்ரோனி மட்டும் நீ செஞ்சிடு. மத்ததெல்லாம் அந்தம்மா செய்யட்டும், நல்லாத்தான் இருக்கு, நான் ஒத்துக்கறேன். ஆனா எல்லாமே வெளியாள் கையா இருந்தா, நான் யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துல போய் நிக்கற மாதிரி இருக்கும்மா. உன்னோடது ஒரு தட்டு மேசையில இருந்தாப் போதும். அப்ப எனக்கு அது நம்ம வீடுன்னு தெரியும். அவ்வளவுதான் கேக்கறேன்."

அவன் மிரட்டவில்லை. பேரம் பேசவும் இல்லை. ஐந்து வயசில் இருட்டில் விளக்கைப் போடச் சொல்லிக் கேட்பானே, அந்தக் குரல். அவனுக்கு வேண்டியது மேக்ரோனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எதுவும் மாறிவிடவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். அதை அவள் கையால் செய்து, சூடாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

ஒரு தட்டு. என்ன பெரிய வேலை? முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். காலையில் தலை அலங்காரத்துக்கு நடுவில் அடுப்பில் வைத்து எடுக்கலாம். அவள் கை ஏற்கெனவே பாலாடைக்கட்டியைத் துருவ ஆரம்பித்துவிட்டது போலிருந்தது. அதன் பிறகு அது சூடாக இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கிடைத்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் எழுந்து போக வேண்டும். எழுந்தால் மறுபடி உட்கார முடியாது. அவளுக்கு அது தெரியும்.

வெள்ளித்தாள் மூடிய அந்தத் தட்டைப் பற்றி அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் புரிந்துகொள்ளக்கூடும். ஆனால் காரணம் என்று ஒன்றைக் கொடுத்தால், அதற்குப் பதில் என்று ஒன்று வரும். அதற்கு இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கும். முடிவில் எப்போதும் போல அவள்தான் அடுப்புக்கு முன்னால் நிற்பாள்.

அவள் மகனின் கை மேல் தன் கையை வைத்தாள்.

"இல்ல, குவின்டன்" என்றாள். குரலை உயர்த்தாமல், அவன் பேரைச் சொல்லி. "அன்னைக்கு நான் எதுவும் சமைக்கல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் எப்போதும் அடுத்துச் சொல்கிற வார்த்தைக்காகக் காத்திருந்தான். 'சரி, விடு, உனக்காக ஒரு தட்டு' என்கிற வார்த்தைக்கு. கார்லிஸும் அதற்காகக் காத்திருந்தாள். இந்தத் தடவை அது வரவில்லை.

குவின்டன் கையை மெல்ல உருவிக்கொண்டான். எஞ்சினை அணைக்கவும் இல்லை, கிளப்பிக்கொண்டு போகவும் இல்லை. அவளும் இறங்கவில்லை.